பின் இருக்கையில் இருந்தவள்

கிழமை முழுக்கத் தொழிற்சாலையில் முறிந்த எனக்கு அந்த ஞாயிறுதான் மிச்சம். கனடாவில், மொன்றியலுக்கு வடக்கே மலைப்பாதையில் மேப்பிள் இலைகள் சிவந்திருந்தன. அடுத்த ஞாயிறுக்குள் எல்லாம் கொட்டிவிடும். முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்து வந்த மனைவியை மோட்டார் சைக்கிளில் ஏறச் சொன்னேன்.

"களைப்பாக் கிடக்கப்பா."

"பின்னுக்குச் சும்மா இருக்கிறதுதானே, ஏறும்."

வளைவுக்கு வளைவு, "அங்கை பாரும்," என்று கத்திக்கொண்டே ஓட்டினேன். பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரி ஒருத்தி பக்கத்தில் வந்து கைகாட்டினாள். மோட்டார் சைக்கிள் ஓட்டுகிற நாங்கள் வீதியில் ஒருவருக்கொருவர் கைகாட்டுவது வழக்கம். நானும் சந்தோஷமாகக் காட்டினேன். அவள் விடவில்லை. கையைக் கன்னத்தில் வைத்துத் தலையைச் சாய்த்து, எனக்குப் பின்னால் சுட்டினாள். அப்போதுதான் என் முதுகிலிருந்த பாரம் ஒரு பக்கமாகச் சரிவது தெரிந்தது.

ஓரமாக நிறுத்தினேன். மனைவி திடுக்கிட்டு விழித்தாள். அந்தப் பெண்ணும் நிறுத்தி, என்னைப் பிரெஞ்சில் ஏசிவிட்டு, தன் போத்தலில் இருந்த சூடான கோப்பியை அவளுக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

"நித்திரை வருதெண்டு சொல்லியிருக்கலாமே?"

"சொன்னனான்தானே."

அவள் கோபத்தோடு சொல்லவில்லை. கோபப்படவும் அவளிடம் தெம்பில்லை. என் ஜாக்கெட்டை மடித்துத் தலைக்கு வைத்து, ஒரு மரத்தடியில் தூங்கிப்போனாள். முகத்தில் விழுந்த இலைகளை எடுத்துப் போட்டுக்கொண்டு, அவள் தானாக எழும்பும்வரை பக்கத்தில் இருந்தேன்.