முடிச்சு அவுரல

"வேணாங்க, எச்சில் பண்ணாதீங்க" என்று கடைக்காரர் சொல்லி முடிப்பதற்குள் ஏனோக் தூண்டில் நரம்பின் நுனியை உதடுகளுக்கு நடுவே கொடுத்து இழுக்க ஆரம்பித்துவிடுகிறார். கண்கள் மூடியிருக்கின்றன. இரண்டு முழம் வந்ததும் நிறுத்துகிறார். "இங்க கீறல் கீது. வேற எடு." கடைக்காரர் கண்ணாடியை மூக்கில் ஏற்றி அந்த இடத்தைப் பார்க்கிறார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. நிஜமாகவே கீறல் இருக்கிறதா, அல்லது பேரத்துக்கு இது முதல் படியா என்ற சந்தேகம் எனக்கு இன்னும் தீரவில்லை.

ராபர்ட்சன்பேட்டை கடைவீதியில் அவர் கன்னடத்தில் விலை கேட்பார், தெலுங்கில் பேரம் பேசுவார், படியாவிட்டால் தமிழில் திட்டிவிட்டுப் படியிறங்குவார். கூப்பிடுவார்கள் என்று தெரியும். கூப்பிடுவார்கள். திரும்பி வரும்போது முகத்தில் வெற்றியின் அடையாளமே இருக்காது. ஏதோ கடைக்காரர்மேல் இரக்கப்பட்டு வந்தவர் மாதிரி நிற்பார்.

ஏனோக்குக்கு ஐம்பது தாண்டிவிட்டது. தங்கச் சுரங்கத்தில் ஆட்களை இறக்கி ஏற்றும் கூண்டு இருக்கிறதே, கேஜ், அதைத் தாங்கும் இரும்புக் கயிற்றைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. போன மார்ச்சில் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். கயிறு நின்றுவிட்டது. கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நிற்கவில்லை. தூண்டிலை எடுத்துக்கொண்டு பூதிகோட்டை ஏரிக்குக் கிளம்பிவிட்டார். எனக்கு மீன் பிடிக்கத் தெரியாது, தின்னத் தெரியும். என்னிடம் ஒரு ஸ்கூட்டரும் இருக்கிறது. இந்த இரண்டு தகுதிகளால் ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் முடிந்ததும் நான் அவருடைய வாகன ஓட்டி. சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மண்மேட்டைத் தாண்டும்வரை பின்னால் உட்கார்ந்து வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு வருவார். தாண்டியதும் பேச்சு ஆரம்பிக்கும். அதன்பிறகு ஏரி வரும்வரை எனக்கு வாயைத் திறக்க வாய்ப்பில்லை.

கையில் காசு குறைவாக உள்ளவன் தூண்டில் சாமான் வாங்கும்போது எதில் தாராளமாக இருக்க வேண்டும், எதில் கஞ்சனாக இருக்க வேண்டும் என்பதில் அவருக்குத் தீர்மானமான கொள்கை உண்டு. "கழிக்குக் காசு போடாதீங்க சார். ரீலுக்குப் பாதி போடுங்க. நரம்புக்கு முழுசா போடுங்க. முடிச்சுக்குக் காசே கிடையாது. அதுக்கு இன்னா வேணும்? பொறும வேணும்." பொறுமையைப் பற்றி அவர் பேசும்போது ஐடா சமையற்கட்டிலிருந்து சிரிப்பது கேட்கும். ஐடா அவர் மனைவி.

அவருடைய கழியில் அடிப்பாதி மூங்கில். மேல்பாதி, யாரோ பணக்காரர் கார் கதவில் வைத்து ஒடித்துக்கொண்ட ஃபைபர் ராடின் நுனி. இரண்டையும் ஒரு பித்தளைக் குழாயில் சொருகியிருக்கிறார். நரம்பு ஓடுவதற்கான வளையங்கள் எல்லாம் ஊக்கு. ஊக்கின் சுருண்ட தலையை மட்டும் நறுக்கி, நூலால் இறுக்கிக் கட்டி, அதன்மேல் சிவப்பு நகப்பூச்சு பூசியிருக்கிறார். "எனக்கு ஒரு நாள் வாங்கிக் குடுத்ததில்ல அண்ணா. கழிக்குப் பூசறாரு" என்று ஐடா என்னிடம் முறையிட்டார். ஏனோக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கழியின் நுனியைக் கூரையில் முட்டக்கொடுத்து அழுத்திக் காட்டினார். "பாருங்க. நுனி வளையணும். அடி வளையக் கூடாது. அவ்ளோதான் கழி."

ரீல் பெங்களூர் சண்டே பஜாரில், துருப்பிடித்த குழாய்களுக்கும் செத்துப்போன ரேடியோக்களுக்கும் நடுவில் கிடைத்தது. கைப்பிடி கிடையாது. தரையில் குந்தி, காதோடு வைத்துச் சுற்றிப் பார்த்து, உள்ளே பல் ஒன்றும் தேயவில்லை என்று தெரிந்த பிறகே விலை கேட்டாராம். கைப்பிடிக்கு ஒரு மரத்தாலான நூல்கண்டைப் பொருத்தியிருக்கிறார். இரைக்குத் தவளை வாங்கவும் மாட்டார், பிடிக்கவும் மாட்டார். தேய்ந்த ஹவாய் செருப்பைத் தவளை அளவுக்குச் செதுக்கி, அடியில் தூண்டில் முள்ளை வைத்து, அல்லிக் கொடிகளின்மேல் வீசித் தத்தித் தத்தி இழுத்துவருவார். விரால் மீன் அதைத் தவளை என்றே நம்புகிறது. எனக்கு அது கடைசிவரை செருப்பாகவே தெரிந்தது.

இப்போது முடிச்சு. நரம்பை முள்ளின் காதில் கோத்து, அதன்மேலேயே ஐந்து சுற்று சுற்றி, நுனியைத் திருப்பி உள்ளே விட்டு, எச்சில் தொட்டு, மெதுவாக இறுக்குவார். எச்சில் தொடாமல் இறுக்கினால் நரம்பு சூடாகி வெந்துபோகுமாம். அதன்பிறகு பரீட்சை. வீட்டுக் கூடத்துச் சுவரில் ஓர் ஆணி உண்டு. முள்ளை அதில் மாட்டி, நரம்பைக் கையில் சுற்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து இழுப்பார். அந்த ஆணியில் தேறாத முடிச்சு ஏரிக்கு வராது. காலண்டர், சாவி, பை எதையும் அதில் மாட்ட ஐடாவுக்கு உரிமை கிடையாது.

இத்தனைக்கும் மேலே ஒரு பைத்தியக்காரத்தனம். முடிச்சு போடுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் நரம்பின் நுனியில் ஒரு முழத்தை வெட்டி எறிந்துவிடுவார். மீன் சிக்கினாலும் வெட்டு, சிக்காவிட்டாலும் வெட்டு. சுரங்கத்தில் அப்படித்தானாம். கேஜைப் பூட்டியிருக்கும் இடத்தில்தான் கயிறு அதிகம் அடி வாங்கும். ஆகவே நன்றாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் தவணை வந்ததும் நுனியை வெட்டிப் புதிதாகப் பூட்ட வேண்டும். சட்டம். "இது மீன் பிடிக்கிற நரம்பு ஐயா, இதில் யாரும் இறங்கப் போவதில்லை" என்று நான் சொல்லிப் பார்த்தேன். "கயிறு கயிறுதான் சார்" என்றார்.

இந்தச் சட்டம் அவரை ஆடி மாதத்தில் காலை வாரிவிட்டது. ஏரி மதகின் ஓரம், மூழ்கிய வேலமரத்தடியில் ஒரு விரால் செருப்பைக் கவ்வியது. தண்ணீர் வெடித்த சத்தத்தில் நான் மிக்சர் பொட்டலத்தைத் தவறவிட்டேன். மீன் ஓடியது. ரீல் கத்தியது. சட்டென்று கத்தல் நின்று, டப் என்று ஒரு சத்தம். வெட்டி வெட்டி ரீலில் நரம்பு பாதிக்கும் கீழே போயிருந்ததை அவர் கவனிக்கவில்லை. மொத்த நரம்பும் ஓடித் தீர்ந்து, ரீலடியில் அறுந்துபோய்விட்டது. மீன், முள், நரம்பு எல்லாம் போயிற்று. ஏனோக் காலி ரீலைப் பார்த்தபடி கரையில் உட்கார்ந்தார். கயிறு சுற்றும் டிரம்மில் எப்போதும் சில சுற்று மிச்சம் இருக்க வேண்டும் என்பதும் சுரங்கத்தில் சட்டம்தான். அதைத்தான் மறந்துவிட்டார். வீடு வரும்வரை ஒன்றே ஒன்று சொன்னார்: "முடிச்சு அவுரல சார். நரம்புதான் பத்தல. முடிச்சு அவுரல."

மறு வாரம் புது நரம்பு வாங்கினார். கடைசிச் சில சுற்றுகளில் சிவப்பு நகப்பூச்சு அடையாளம் வைத்தார். வெட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை.

அவருக்கு ஒரே மகன், சரத். தினமும் விடியுமுன் ரயிலேறி பெங்களூர் போய் வேலை செய்து, இருட்டிய பின் திரும்புகிறவன். நல்ல பையன். அதில்தான் சிக்கல். கெட்ட பையனாக இருந்தால் ஏனோக் இரண்டு வார்த்தை திட்டிவிட்டு வேலையைப் பார்த்திருப்பார். சரத் அப்பாவுக்கு பெங்களூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன் வேலை பேசி முடித்துவிட்டான். கேட்டுக்குப் பக்கத்திலேயே தங்க ஒரு அறை. கார் வந்தால் கதவைத் திறந்து சல்யூட் அடிக்க வேண்டும். நீலச் சட்டையும் தொப்பியும்கூட வந்துவிட்டன. சரத் விவரம் தெரியாமல் அவற்றை அந்த ஆணியில் மாட்டினான். ஏனோக் தொடவில்லை. அன்றிலிருந்து முடிச்சுப் பரீட்சை கதவுத் தாழ்ப்பாளில் நடந்தது. தாழ்ப்பாள் ஆடுகிறது, கணக்குச் சரியாக வரவில்லை என்று தினம் புலம்பல்.

"எத்தினி பேரு என் கயித்த நம்பி உள்ள எறங்குனாங்க. ஒருத்தனாவது எங்கிட்ட சல்யூட் கேட்டானா? எவனோ கார நிறுத்தறதுக்கு நான் அடிக்கணுமா?" என்று என்னிடம் கேட்டார். அந்தக் காரை நான் வாங்கிய மாதிரியே கேட்டார்.

ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டின்போது பேச்சு முற்றிவிட்டது. நானும் இலைக்கு முன்னால் இருந்தேன். சரத் பொறுமையாகத்தான் கேட்டான். "இங்க இன்னா கீது நைனா? சுரங்கம் மூடிட்டான். தண்ணி வாரத்துக்கு ஒருநாள் வருது. போன ஒரு மீனுக்காகவா ஒக்காந்துகினு கீற?"

"ஆமா. அதுக்குத்தான்."

"அத்த புடிச்சிட்டா வருவியா?"

"வரேன்."

"சார், நீங்க சாட்சி" என்றான் சரத். நான் வாயில் சோற்றோடு தலையாட்டித் தொலைத்தேன்.

ஐடாவுக்கு அப்போது போக ஆசைதான். பெங்களூரில் குழாயைத் திருகினால் தண்ணீர் வருமாம். புரட்டாசியில் மகனோடு போய் அந்த அறையைப் பார்த்துவிட்டு வந்தார். மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. ஏனோக்கால் அதில் நிமிர்ந்து நிற்க முடியாது. அதோடு குழாயைப் பற்றிய பேச்சு நின்றுவிட்டது.

போன ஞாயிறு அதே மதகு, அதே வேலமரம். மழை பெய்து தண்ணீர் கலங்கியிருந்தது. செருப்பு நாலைந்து தடவை தத்தியது. பிறகு அதே வெடிச்சத்தம். இந்த முறை ரீல் கத்திக்கொண்டே இருந்தது. சிவப்பு அடையாளம் தெரியவே இல்லை. கழியின் நுனி தண்ணீரைத் தொடுகிற அளவு வளைந்தது. மூங்கில் அசையவில்லை. ஏனோக் அவசரப்படவில்லை. ஐடா சிரித்த அந்தப் பொறுமையை நான் முதல் தடவையாகக் கண்ணால் பார்த்தேன். கரையில் வந்து விழுந்த விரால் என் முழங்கையிலிருந்து அளந்தால் விரல் நுனியையும் தாண்டியது.

மீனின் வாயைப் பிளந்து செருப்பைக் கழற்றியவர் அப்படியே நின்றுவிட்டார். தாடையின் இன்னொரு பக்கத்தில் துருவேறிய ஒரு முள். பழைய செருப்பும் மீதி நரம்பும் எங்கோ அறுந்துபோய், அதன் காதில் ஒரு விரல் நீளத்துக்கு மட்டும் நரம்பு. ஐந்து சுற்று, திருப்பி உள்ளே விட்ட நுனி. மாதக்கணக்கில் தண்ணீரில் கிடந்தும் முடிச்சு முடிச்சாகவே இருந்தது. அதே மீன். சந்தேகத்துக்கு இடமே இல்லை. அவர் முகத்தில் ஒரு நொடி பெருமை வந்தது. அடுத்த நொடி, வாக்குக் கொடுத்தது ஞாபகம் வந்திருக்க வேண்டும், பெருமை இறங்கிவிட்டது. பழைய முள்ளைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இது அது இல்ல சார்" என்றார், ஏரியைப் பார்த்துக்கொண்டு.

நான் ஸ்கூட்டரை உதைத்தேன். வழியெல்லாம் அவர் பேசவில்லை. எனக்குப் பேச வாய்ப்புக் கிடைத்தும் நானும் பேசவில்லை.

வீட்டில் சரத் இருந்தான். மீனைப் பார்த்ததும் எழுந்துவிட்டான். "நைனா, இதுதான?"

"இது அது இல்லடா."

சரத் என்னைப் பார்த்தான். சாட்சி. நான் ஸ்கூட்டர் சாவியைத் துடைத்தேன். சரத் இந்தப் பத்திரிகை வாங்குவதில்லை என்ற தைரியத்தில்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அன்று அந்தத் தைரியமும் இல்லை. ஐடா அதற்குள் வாசலில் குந்தி மீனைச் சாம்பல் போட்டுத் தேய்க்க ஆரம்பித்திருந்தார். தாடையைத் திறந்தவர் கை நின்றது. ஒரு பக்கம் புதுக் காயம். மறுபக்கம் ஆறிப்போன பழைய ஓட்டை, சுற்றிலும் துருக்கறை. ஐடா புருஷனை நிமிர்ந்து பார்த்தார். அவர் எங்கேயோ பார்த்தார்.

"அது ரொம்பப் பெருசுடா" என்றார் ஐடா மகனிடம். "இது அதுக்குப் பேரப்புள்ள." சொல்லிக்கொண்டே அரிவாள்மனையில் தலையைத் துண்டாக நறுக்கிச் சட்டிக்குள் போட்டார்.

ஏனோக் கூடத்துக்குப் போனார். சட்டைப் பையிலிருந்து பழைய முள்ளை எடுத்து, தீப்பெட்டியின் பக்கவாட்டில் துரு போகத் தேய்த்தார். நரம்பில் ஒரு முழம் வெட்டி எறிந்தார். கோத்து, ஐந்து சுற்று சுற்றி, எச்சில் தொட்டு, மெதுவாக இறுக்கினார். பிறகு ஆணியிலிருந்த நீலச் சட்டையையும் தொப்பியையும் எடுத்து, சட்டையை மடிப்பு கலையாமல் மடித்து, தொப்பியை அதன்மேல் வைத்து மகன் கையில் கொடுத்தார். காலியான ஆணியில் முள்ளை மாட்டி, நரம்பைக் கையில் சுற்றிக்கொண்டு, உடம்பு முழுவதையும் பின்னால் சாய்த்து இழுத்தார்.