எட்டரை மணிக்குள் தீர்ந்துபோன நன்றி

இனிமேல் வேலை என்பது வேலை இல்லை, விளையாட்டு என்று எங்கள் கம்பெனியில் அறிவித்த நாளில் எனக்குக் காய்ச்சல். லீவு கிடைக்காததால் போயிருந்தேன். கேன்டீனில் எல்லோரையும் நிற்கவைத்து, எச்.ஆர். மேலாளர் ஒரு பெரிய திரையைத் திறந்துவைத்தார். எங்கள் லைனில் வேலை செய்யும் நாற்பது பெண்களின் படமும் அதில் இருந்தது. அடையாள அட்டைக்கு எடுத்த படங்கள் என்பதால், நாற்பது பேரும் ஒரே வழக்கில் பிடிபட்டவர்கள் மாதிரி முழித்துக்கொண்டிருந்தோம்.

"இனிமே நீங்க ஒர்க்கர்ஸ் இல்ல, ப்ளேயர்ஸ்" என்றார் மேலாளர். கைதட்டச் சொன்னார்கள், தட்டினோம். சம்பளம் மட்டும் பழையபடி ஒர்க்கர்ஸ் சம்பளமாகவே வந்துகொண்டிருந்தது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் கார்களுக்கு ஒயர் கட்டித் தரும் கம்பெனி எங்களுடையது. பல நிற ஒயர்களைப் பலகையில் ஓட்டி, டேப் சுற்றி, ஒரு கட்டாக்கி ட்ரேயில் போட வேண்டும். ஒரு நாளைக்கு முப்பத்தைந்து கட்டு இலக்கு. முன்பு இலக்கை முடித்தால் திட்டு விழாது, அவ்வளவுதான். இப்போது முடித்தால் புலி. உங்கள் படத்துக்குப் புலிக் காது முளைத்து, திரையில் மேளச் சத்தத்தோடு வரும். ஒரு வாரம் தாமதமில்லாமல் வந்தால் தேனீ. மாதத்தில் அதிகமாகப் புலியானவருக்கு ஒரு டிபன் பாக்ஸ். அதன் மூடியை மூட இரண்டு புலிகள் வேண்டும்.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். நன்றி பட்டன்தான் எங்களைக் கெடுத்தது.

சக ஊழியர் உதவினால் செல்போனில் இருக்கும் ஆப்பைத் திறந்து, அவர் படத்தை அமுக்கி, காரணம் எழுத வேண்டும். அவருக்குப் பத்து பாயிண்ட். ஒருவருக்கு ஒரு நாளைக்கு மூன்று நன்றிதான். மறுநாள்தான் புதிதாக மூன்று வரும். நாங்கள் அப்படி நன்றி சொல்லிப் பழகியவர்கள் இல்லை. யாராவது தண்ணீர் பாட்டிலை நீட்டினால் வாங்கிக் குடிப்போம், திருப்பிக் கொடுப்போம். கூடவே இருப்பவளிடம் போய் நன்றி என்றால், இவளுக்கு நம் மேல் ஏதோ கோபம் என்றுதான் நினைப்பாள்.

ஆனால் பாயிண்ட் என்று வந்த பிறகு மூன்றே வாரத்தில் தேறிவிட்டோம். ஆவடியிலிருந்து ஒரு கம்பெனி பஸ், குமணன்சாவடியிலிருந்து ஒன்று. நான் ஆவடி பஸ். திருமுல்லைவாயல் தாண்டுவதற்குள் வியாபாரம் முடிந்துவிடும். நீ எனக்கு, நான் அவளுக்கு, அவள் உனக்கு என்று மூன்று மூன்று பேராகச் சுற்று போட்டிருந்தோம். குமணன்சாவடி பஸ்ஸிலும் இதே சுற்றுதான். எட்டரைக்கு ஷிஃப்ட் தொடங்கும்போது, அன்று யாரும் இன்னும் செய்யாத உதவிக்கெல்லாம் நன்றி சொல்லித் தீர்த்திருப்போம். காரணம் எழுதுவதுதான் கஷ்டம். "ஊக்கமாகச் சிரித்ததற்கு" என்று எழுதினேன். "டீ ஆறுவதற்குள் கொடுத்ததற்கு" என்று எனக்கு வந்தது. மேலாளர் அதை மாதக் கூட்டத்தில் படித்துக் காட்டி, நம் கலாச்சாரம் மாறிக்கொண்டிருக்கிறது என்றார். உண்மைதான்.

என் பக்கத்துப் பலகையில் இருந்த அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்பது வருடமாக அங்கே ஒப்பந்தத் தொழிலாளி. நான் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்தபோது, விரலை வெட்டிக்கொள்ளாமல் டேப் சுற்றக் கற்றுக்கொடுத்தது அவர்தான். யாருக்காவது வயிற்றுவலி என்றால் அவள் பலகையையும் சேர்த்து முடிப்பார். ஒப்பந்தத் தொழிலாளிகளுக்குக் கம்பெனி பஸ் கிடையாது. அதனால் திருநின்றவூரிலிருந்து ரயிலில் நின்றுகொண்டே வருவார். நன்றி ஆப்பிலும் ஒரு விதி இருந்தது. ஒப்பந்தத் தொழிலாளிகள் நன்றி வாங்கலாம், கொடுக்க முடியாது. திருப்பிக் கொடுக்க முடியாதவருக்கு யார் போடுவார்கள்?

ஆரம்பத்தில் ஒருநாள் நான் கேட்டேன். "அக்கா, உங்களுக்கு ஒரு நன்றி போடட்டுமா?"

"இன்னாடி, எனக்கே தேங்க்ஸ் சொல்றியா? நான் இன்னா வெளியாளா?" என்று சிரித்தார்.

எனக்கு அது ரொம்ப வசதியாகப் போய்விட்டது. அவரே வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்று மனசுக்குள் எழுதிவைத்துக்கொண்டேன்.

ஒரு வருடம் போனது. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் ஒப்பந்தத் தொழிலாளிகளில் மூன்று பேரை நிரந்தரமாக்குவதாகப் பட்டியல் ஒட்டினார்கள். ஒரு பெயர் சூப்பர்வைசரின் மச்சினிச்சி. இன்னொருத்தி வாராவாரம் எல்லோருக்கும் முறுக்கு கொண்டுவருபவள். மூன்றாவது இடம் காலி. அக்காவின் பெயர் கீழே தனியாக இருந்தது: வேகம் நூற்றுக்கு நூறு, தரம் நூற்றுக்கு நூறு, உதவி மனப்பான்மை, அதாவது வாங்கிய நன்றி, பூஜ்யம். பூஜ்யம் உள்ளவர்களை சிஸ்டம் ஏற்காது. பட்டியல் இன்று மாலை ஐந்து மணியோடு முடிகிறது.

அக்கா அதை இரண்டு முறை படித்தார். மூட்டு வலியோடு ரயிலில் நின்று வருபவர், ஒருநாள் படுத்தால் ஒருநாள் கூலியை இழப்பவர். நிரந்தரம் என்றால் பஸ், சம்பளத்தோடு லீவு. ஒன்பது வருடம் அதற்காகத்தான் இருந்தார்.

"ஒரே ஒருத்தர் போட்டா போதுமாடி?" என்று கேட்டார். "இப்ப போட்டுடுடி. நான் சொன்னத மனசுல வெச்சிக்காத."

செல்போனை எடுத்தேன். மூன்றும் தீர்ந்திருந்தது. காலையில் பஸ்ஸிலேயே போட்டிருந்தேன்.

"இருங்கக்கா, யார்கிட்டயாவது இருக்கும்" என்று சொல்லிவிட்டு, சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து ஓடினேன். லைனில் ஒவ்வொருத்தியிடமும் கேட்டேன். எல்லோரும் பதறிப்போய்ப் போனை எடுத்துப் பார்த்தார்கள். கெட்டவர்கள் யாரும் இல்லை. எல்லோருக்கும் அக்கா ஏதோ ஒருநாள் பலகை முடித்துக் கொடுத்தவர்தான். "காலைலயே போட்டுட்டேனே" என்றார்கள். குமணன்சாவடி பஸ்காரிகளும் அதையே சொன்னார்கள். ஃபிட்டர் அண்ணனிடம் போனேன். மெஷின் ரிப்பேருக்கு வரும்போதே பட்டனை அமுக்கச் சொல்லி வாங்கிக்கொள்பவர் அவர். அவருடைய மூன்றும் கேன்டீனுக்குப் போயிருந்தன, கூடுதல் சாம்பாருக்காக.

கடைசியில் மேலாளரின் அறை. மீட்டிங் முடியும்வரை வெளியே காத்திருந்தேன். உள்ளே போய்ச் சொன்னதும் அவர் என்னை உட்காரச் சொன்னார்.

"டேட்டா அப்படித்தானே மேடம் காட்டுது. நான் என்ன பண்ண முடியும்?"

"சார், உங்ககிட்ட மூணு நன்றி இருக்குமே. ஒண்ணு போடுங்க."

அவர் போனை எடுத்துப் பார்த்தார். பிறகு மேசையில் கவிழ்த்து வைத்தார். அதற்குள் நான் பார்த்துவிட்டேன். மூன்றும் முதலாளிக்குப் போயிருந்தன. காரணம்: தொலைநோக்குப் பார்வை. மூன்றுக்கும் அதே காரணம்.

"அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றார்.

"சார், நாளைக்குக் காலைல லைன்ல எல்லாரும் அவங்களுக்குப் போடுவோம். ஒரு நாள் தள்ளி வைங்க."

"அப்படிப் பேசி வெச்சுப் போட்டா அது சிஸ்டத்தை ஏமாத்துறது இல்லையா?" என்று அவர் கேட்டார். நிஜமாகவே கேட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

திரும்பி வரும்போது மணி ஐந்தைத் தாண்டியிருந்தது. அக்கா குனிந்து டேப் சுற்றிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டார்.

"உடுடி. இன்னா பண்றது" என்றார். டேப்பை இன்னொரு சுற்று சுற்றிவிட்டு, "காலைல நீ யாருக்கு போட்ட?" என்று கேட்டார்.

"பஸ்ல வர்றவங்களுக்குதான்."

"இன்னாத்துக்கு?"

"ஜன்னல் சீட்டு புடிச்சு வெச்சதுக்கு."

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையில் இருந்த கட்டை முடித்து, கத்தரித்து, ட்ரேயில் போட்டார். என் ட்ரேயில். அப்போதுதான் கவனித்தேன். சாப்பாட்டுக்குப் போகும்போது நான் இருபது கட்டுதான் முடித்திருந்தேன். அதன் பிறகு பலகைப் பக்கமே வரவில்லை. இப்போது ட்ரேயில் முப்பத்தைந்து இருந்தது.

ஷிஃப்ட் முடியும் நேரத்தில் திரையில் மேளம் அடித்தது. புலிக் காதோடு என் படம் வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அந்தப் பதினைந்து கட்டு என்னுடையது இல்லை என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த மாதத்துப் புலிக் கணக்கில் ஒன்று குறையும் என்று, வெட்கமாக இருக்கிறது, அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது. நான் வாயைத் திறக்கவில்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டதால் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, அக்காவும் கைதட்டிக்கொண்டிருந்தார்.