ஒரே பெயர், இரண்டு பிறந்த தேதி

அம்மா இறந்து இரண்டரை மாதம் கழித்து, அதை ராணுவத்துக்குத் தெரிவிப்பதற்காக அப்பாவை அழைத்துக்கொண்டு போனேன். அப்பா இருபத்து நான்கு வருடம் பட்டாளத்தில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். எண்பத்திரண்டு வயது. அவரைப் போன்றவர்களின் குடும்பத்தில் யார் இறந்தாலும் பழைய பதிவேட்டில் குறித்தாக வேண்டும். முன்னாள் ராணுவத்தினருக்கான அலுவலகத்தில் மனு கொடுத்தால், அங்கிருந்து ரெக்கார்ட் ஆபீசுக்கு அனுப்புவார்கள். பட்டாளக் குவார்ட்டர்ஸ் இருந்த மராட்டி ஊரிலேயே நாங்கள் தங்கிவிட்டோம்; விஷ்ராந்த்வாடியில் எங்கள் ஃப்ளாட்டிலிருந்து ரிக்‌ஷாவில் அரை மணி நேரம்.

மனு வாங்கும் மேஜையில் இருந்தவர் மராட்டிக்காரர். அவரும் பட்டாளத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவராம். அப்பாவைப் பார்த்ததும் எழுந்து நின்று "ராம் ராம், சாப்" என்றார். பெயரைக் கேட்கவில்லை, பட்டாள நம்பரைத்தான் கேட்டார். தன் மருந்துச் சீட்டு எங்கே இருக்கிறது என்பதை மறந்துபோகிற அப்பா, அந்த நம்பரை ஒரு மூச்சில் சொன்னார்.

குடும்ப விவரம் ஒரு தாளில் அச்சாகி வந்தது. மனைவி ஒருவர். மகள் ஒருத்தி. மகளின் பெயர் என் பெயர்தான். பிறந்த தேதி மட்டும் என்னுடையது இல்லை. மூன்று வருடம் எட்டு மாதம் முந்தையது.

எனக்குச் சிரிப்பு வந்தது. "அப்பா, என்னை அநியாயத்துக்குக் கிழவியாக்கி வெச்சிருக்காங்க" என்றேன்.

கிளார்க்கும் சிரித்தார். "நாம் ஏக், தாரீக் தோ" என்றார். பெயர் ஒன்று, தேதி இரண்டு. அந்தக் காலத்தில் எல்லாம் கையால் எழுதியது, இப்படிப் பிழைகள் நிறைய வரும், அப்பா கையெழுத்துப் போட்டு ஒரு விண்ணப்பம், கூடவே என் பள்ளிச் சான்றிதழ், அவ்வளவுதான், திருத்திவிடலாம் என்று இந்தியில் விளக்கினார்.

அப்பா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "உடும்மா. இப்ப அதுக்கு இன்னா அவசரம்? அம்மாவோடது ஆச்சில்ல, வா போலாம்."

என்னால் விட முடியாது. மகர்பட்டாவில் ஒரு கம்பெனியில் ஆட்களை வேலைக்குச் சேர்க்கும் பிரிவில் இருக்கிறேன். ஆதாரில் ஒரு தேதி, மார்க் ஷீட்டில் ஒரு தேதி என்று வருகிறவர்களைத் திருத்திக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்புவதுதான் தினமும் என் வேலை. என் சொந்தத் தேதி ஒரு சர்க்கார் காகிதத்தில் தப்பாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு எப்படிச் சும்மா இருப்பது? அன்றைக்கே விண்ணப்பத்தை நிரப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு சின்னப் பெருக்கல் குறி போட்டு அப்பாவிடம் கொடுத்தேன்.

அவர் போடவில்லை. முதல் நாள் கண்ணாடி கிடைக்கவில்லை என்றார். அடுத்த நாள் கை நடுங்குகிறது என்றார். மூன்றாவது நாள் விண்ணப்பத்தையே காணவில்லை. தேடினால், அவருடைய பட்டாள டிஸ்சார்ஜ் புத்தகத்துக்குள் நான்காக மடித்து வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. டிபன் சாப்பிட்டு முடித்திருந்தோம். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. "ஒரு கையெழுத்துதானேப்பா? அதுல உங்களுக்கு என்ன கஷ்டம்? தப்பா இருக்கிறதைத்தானே மாத்தச் சொல்றேன்?"

"அது தப்பு இல்லம்மா" என்றார்.

"எது?"

"அந்தத் தேதி. அது சரியாத்தான் இருக்குது. உங்க அக்காவோடது."

ஐம்பத்தோரு வயதில் எனக்கு ஓர் அக்கா இருந்தாள் என்று கேட்கிறேன். நான் ஒற்றைப் பிள்ளை. அப்படித்தான் வளர்ந்தேன், அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நான் எல்லையில இருந்தேன். சண்டை நடந்துகினு இருந்துச்சு. உங்கம்மாவும் கொழந்தையும் இங்க கோர்படி குவார்ட்டர்ஸ்ல. ஒன்றரை வயசு தாண்டியிருந்துச்சு. ஜுரம். மூணே நாளு. பக்கத்து வீட்டு மராட்டிக்காரம்மாதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிகினு ஓடுச்சாம். எனக்குத் தந்தி கெடைக்கச்சொல்ல பதினோரு நாள் ஆயிடுச்சு."

"பதிவேட்டுல ஏன் எழுதலை?"

"பட்டாளத்துல எங்க கம்பெனி கிளார்க் ஃபாரத்தைக் குடுத்தான். பொறப்போ சாவோ, வீட்ல எது நடந்தாலும் எழுதிக் குடுக்கணும். நான் வாங்கி மடிச்சு பையில வெச்சேன். எழுதிக் குடுத்தா பேரை அடிச்சிடுவாங்க இல்ல? அதான் எழுதலை."

"அப்ப நான் பொறந்தப்ப?"

"அதே பேரைத்தான் வைக்கணும்னு உங்கம்மா ஒத்தக்கால்ல நின்னா. பேருதான் ஏற்கெனவே இருக்குதே, புதுசா இன்னாத்த எழுதறதுன்னு உட்டுட்டேன்."

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

"எப்ப சொல்றது? நீ ஸ்கூலுக்குப் போச்சொல்லவா, வேலைக்குப் போச்சொல்லவா? நாள் தள்ளித் தள்ளிப் போச்சும்மா. உங்கம்மா எங்கிட்டயே அதைப் பத்திப் பேசினதில்ல. நானும் அவகிட்ட பேசினதில்ல."

நான் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டேன். அதற்குப் பிறகு ஒரு வாரம் சாப்பாடு, மாத்திரை தவிர வேறெதுவும் அவரிடம் பேசவில்லை. ஒருவர் போட்டுப் பழகிய சட்டையை எனக்குப் போட்டு வளர்த்தது போல இருந்தது. அம்மா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோதெல்லாம் யாரைக் கூப்பிட்டாள்? நாற்பது வயதுக்கு மேலும் எனக்குச் சாதாரணக் காய்ச்சல் என்றால் ஆபீசுக்கு நான்கு தடவை போன் செய்வாள். "தெர்மாமீட்டர் வெச்சியா? எவ்ளோ இருக்குது? நெஜத்தைச் சொல்லு." கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்வார்கள். நானும் அவளிடம் எரிந்து விழுந்திருக்கிறேன். ஒருமுறை, "நான் என்ன செத்தா போயிடுவேன்?" என்று கேட்டேன். மறுமுனையில் அவள் சட்டென்று போனை வைத்தது இப்போது ஞாபகத்துக்கு வந்தது. அவளிடம் மன்னிப்புக் கேட்கக்கூட இனி வழியில்லை.

அந்த வாரக் கடைசியில் அப்பாவே சட்டை மாற்றிக்கொண்டு வந்து நின்றார். "அந்த ஆபீசுக்குப் போலாமா?"

மராட்டிக் கிளார்க்கிடம் அவரே இந்தியில் எல்லாவற்றையும் சொன்னார். சிப்பாய் மேலதிகாரியிடம் சொல்வது போல நிமிர்ந்து உட்கார்ந்து, நிறுத்தாமல். கிளார்க் என் விண்ணப்பத்தைத் திருப்பி என்னிடமே கொடுத்தார். திருத்த வேண்டியதில்லை, மூத்த மகளின் மரணத்தைத் தனியாக, இளைய மகளின் பிறப்பைத் தனியாகச் சேர்க்கச் சொல்லி எழுதலாம் என்றார். மரணத்துக்கு ஏதாவது சான்று வேண்டும். கன்டோன்மென்ட்டில் பழைய இறப்புப் பதிவேடுகள் இருக்கும், தேடிப் பாருங்கள் என்றார். வாசல் வரை வந்து அப்பாவின் கையைப் பிடித்து ரிக்‌ஷாவில் ஏற்றிவிட்டார்.

கன்டோன்மென்ட் அலுவலகத்துக்கு நாலு தடவை அலைந்தோம். நாலாவது தடவை, பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் பெண் ஒரு தடித்த புத்தகத்தைத் தூக்கி வந்து மேஜையில் வைத்தார். ஓரங்கள் செல்லரித்திருந்தன. மங்கிப்போன நீல மையில் ஒரே ஒரு வரி. பெண் குழந்தை. வயது ஒரு வருடம் எட்டு மாதம். காய்ச்சல். அப்பாவின் பெயர், பட்டாள நம்பர், குவார்ட்டர்ஸ் எண். தகவல் கொடுத்தவர் என்ற இடத்தில் பக்கத்து வீட்டுக்காரரின் மராட்டிக் கையெழுத்து. குழந்தையின் பெயர் என்ற கட்டத்தில் ஒரு கோடு மட்டும் போட்டிருந்தது.

"அவங்களுக்கு நம்ம பேரு வாயில நொழஞ்சிருக்காது. பாப்பா, பாப்பான்னுதான் கூப்பிடுவாங்க" என்றார் அப்பா.

பெயரில்லாமல் சான்றிதழ் கொடுத்தால் ராணுவத்தில் ஏற்க மாட்டார்கள், அப்பா நோட்டரியிடம் ஒரு பிரமாணப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் பெயரைச் சேர்த்துத் தருகிறேன் என்றார் அந்தப் பெண். அதை எடுத்துக்கொண்டு ஐந்தாவது தடவை போனோம். ஒரு ஃபாரத்தை நீட்டினார். பெயர் எழுத வேண்டிய கட்டத்தைக் காட்டி, பேனாவை என் பக்கமாகத்தான் நீட்டினார். அப்பா குறுக்கே கையை நீட்டி வாங்கிக்கொண்டார். கை நடுங்கும் என்று சொன்ன மனிதர், ஆங்கிலப் பெரிய எழுத்துகளில், கட்டத்துக்கு ஓர் எழுத்தாக, மெதுவாக எழுதினார். என் பெயரை அவர் நூறு தடவை எழுதிப் பார்த்திருக்கிறேன். இது என் பெயர் இல்லை என்பது அப்போது எனக்குத் தெரிந்தது. கடைசி எழுத்தை எழுதி முடித்துவிட்டுப் பேனாவை மூடாமலே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

திரும்பும்போது ரிக்‌ஷா கோர்படி ரயில்வே கேட்டில் நின்றது. ஒரு கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவே அப்பா பேசினார். "ரெண்டு லீவுல வந்தேன். அவளை நான் பார்த்தது மொத்தமே எழுவது நாளுதான். ரெண்டாவது லீவுல வரச்சொல்ல என்னைப் பார்த்து அழுதா. யாரோன்னு நெனச்சுட்டா. பழகறதுக்குள்ள திரும்பிப் போயிட்டேன்."

"போட்டோ இருக்காப்பா?"

"இருந்துச்சு. சட்டைப் பையிலதான் வெச்சிருந்தேன். மழையில நனஞ்சு ஒட்டிகிச்சு. பிரிக்கப் பார்த்தேன், மூஞ்சி பேந்து வந்துடுச்சு."

கேட் திறந்தது. அவருடைய கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். அம்மாவின் காரியத்தில்கூட நாங்கள் அப்படிக் கை பிடித்துக்கொள்ளவில்லை.

ரெக்கார்ட் ஆபீசிலிருந்து கடிதம் வர ஐந்து மாதம் ஆனது. ஒரே தாள். மனைவி, காலமானார். மகள், காலமானார். மகள். முதல் மகளுக்கும் இரண்டாவது மகளுக்கும் ஒரே பெயர், அவரவர் தேதியோடு. அப்பா பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். "சரியா இருக்குது" என்றார். பிறகு என் கண்ணெதிரிலேயே அழுதார். அம்மா போன அன்று அழாதவர். நான் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை. ஆபீசுக்குக் கிளம்பி, ஹெல்மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தேன். ஹாலில் அப்பா வேலூரில் இருக்கும் சித்தப்பாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"இல்லடா, நான் தனியா இல்ல. சின்னவ இருக்கிறா. இப்பதான் ஆபீசுக்குக் கெளம்பறா" என்றார்.

அப்படி என்னை யாரும் சொன்னதில்லை. கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு கீழே போனேன். வண்டியில் ஏறி உட்கார்ந்தும் வெகுநேரம் சாவியைத் திருப்பத் தோன்றவில்லை.