மலையை மூன்று முறை வரைந்தது

1. புகைப்படக் கலை படிக்க ஓவியக் கல்லூரியில் சேர்ந்தேன்.
2. முதல் ஆண்டு முழுக்க ஓவியம்தான், அதில் தேறினால்தான் இரண்டாம் ஆண்டு கேமரா வகுப்பு என்றார்கள்.
3. சொந்த ஊரில் ஓர் இடத்தை வரையச் சொன்னார்கள். கல்வராயன் மலையை வரைந்து கொடுத்தேன். ஆசிரியை திருப்பிக் கொடுத்தார்.
4. திருத்திக் கொடுத்தேன். அதையும் திருப்பிக் கொடுத்தார்.

நான் டிப்ளமா மெக்கானிக்கல் முடித்தவள். இரண்டு முறையும், போனில் எடுத்த படத்தின்மேல் கட்டம் போட்டு, அளவு பிசகாமல் தாளுக்கு மாற்றியிருந்தேன். “உங்க ஊர் மலை இவ்ளோ சின்னதா?” என்று மட்டும் கேட்டார் ஆசிரியை. போன் லென்ஸ் அகலமானது. தூரத்து மலையைச் சிறிதாக ஒடுக்கிவிடும். கேமரா படிக்க வந்த நான் அதை யோசிக்கவில்லை.

சனிக்கிழமை கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறினேன். மறுநாள் போனை வீட்டிலேயே வைத்துவிட்டு, எங்கள் கரும்புக் கொல்லை வரப்பில் பலகையோடு உட்கார்ந்தேன். தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த அப்பா வந்து எட்டிப் பார்த்தார்.

“போட்டா புடிக்கத்தான படிக்கப் போன? இன்னாத்துக்கு வரஞ்சிக்கினு கீற?”

“வரஞ்சாத்தான்பா கேமராவத் தொட வுடுவாங்க.”

“நம்ம ஊரு ஸ்டூடியோக்காரரு ஒரு கோடு போட்டு நான் பாத்ததில்ல. ஊரு கல்யாணம் பூரா அவருதான் புடிக்கிறாரு.”

மலையைப் பார்த்து வரைந்துகொண்டே இருந்தேன். கோடுகள் கோணலாக வந்தன. ஆனால் மலை பாதித் தாளை அடைத்துக்கொண்டு நின்றது.

திங்கட்கிழமை அதைக் கொடுத்தேன். ஆசிரியை இந்த முறை திருப்பித் தரவில்லை; தேறிவிட்டேன் என்றும் சொல்லவில்லை. அப்பா வாங்கித் தந்த கேமரா இன்னும் வீட்டு பீரோவில்தான் இருக்கிறது.