சாக்கைக் கழித்த எடை

"என் கைக்கு முன்னால தராசு முள்ளே கையைக் கட்டிட்டு நிக்கோணுமுங்க!" என்று அன்னூர்ப் பருத்தி மண்டியில் எடை போடும் திருமலைசாமி, 1939ஆம் வருஷம் ஐப்பசி மாதம் பகிரங்கமாக அறிவித்தார். சில வாரங்களுக்கு முன்புதான் ஐரோப்பாவில் யுத்தம் அறிவித்திருந்தார்கள். இரண்டில் எது பெரிய அறிவிப்பு என்பதில் மண்டியில் அபிப்பிராய பேதம் இருந்தது.

காரணம், நர்ஸ் வெங்கடலட்சுமி. தாய்சேய் நிலையத்துக்குச் சீமையிலிருந்து வர வேண்டிய குழந்தைத் தராசு, யுத்தத்தால் கப்பலோடு எங்கோ நின்றுவிட்டது. குழந்தைகள் யுத்தத்தை மதித்து வளராமல் நிற்பார்களா? அதனால் செவ்வாய்க்கிழமைகளில் மண்டித் தராசை இரவல் கேட்டார் அந்த அம்மாள். தராசோடு, தூக்கிப் பார்த்தே எடை சொல்லும் திருமலைசாமியின் கையும் வந்தது.

முதல் செவ்வாயன்று பதினோரு தாய்மார்கள் வந்தார்கள். பழனியாத்தாள் மட்டும் மகனை அணைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

"சண்டைக்கு ஆள் புடிக்கத்தான் எடை போடறாங்களாமா. எம்பையனத் தர மாட்டனுங்க!"

"பல்லு மொளச்சாத்தான் பட்டாளத்துல சேத்துவாங்க, கண்ணு. உள்ள வா" என்றார் நர்ஸ்.

"மொதல்ல சாக்கைக் கழிக்கோணுமுங்க!" என்று உத்தரவிட்டார் திருமலைசாமி. மூட்டையை நிறுத்தால் சாக்கின் எடையைக் கழிப்பது மண்டி தர்மம். சட்டை, கொலுசு, அரைஞாண் எல்லாமே சாக்கு என்று தீர்ப்பாகிப் பதினோரு குழந்தைகளும் பிறந்த மேனியானார்கள். ஒவ்வொருவரையும் தூக்கி அவர் சொன்ன ராத்தலையே முள்ளும் சொன்னது. பழனியாத்தாள் மகன் மட்டும் சொச்சம் குறைந்தான். நடுவில் அவர் வேட்டியை நனைத்துவிட்டான். அதைக் கையின் பிழையாகக் கொள்ளலாகாது.

பதினோரு பேரும் முடிந்த பிறகு திருமலைசாமியின் மனைவி சென்னியம்மாள், கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்துப் பிறந்த நான்கு மாத மகள் சாந்தாமணியோடு வந்தாள். ஒரு மாதமாக வீட்டில் இதே வழக்குதான்.

"ஏனுங்க, புள்ள எளைச்சுட்டே போறாளுங்க. நர்சம்மாகிட்டக் காட்டலாமுங்க."

"போன வாரத்துக்கு ஒரு பலங்கூடக் கொறையல. என் கை பொய் சொல்லுமா, அம்மணி?"

இப்போதும் தூக்கினார். "பன்னண்டு ராத்தல்!" தட்டில் வைத்தார். பன்னிரண்டேதான். தாய்மார்கள் கைதட்டினார்கள்.

"சாக்கு?" என்றார் நர்ஸ்.

கம்பளியை அவிழ்த்தார்கள். உள்ளே வெல்வெட்டுச் சட்டை. அதற்குள் இன்னொன்று. அதற்குள் பழைய வேட்டியில் இரண்டு சுற்று. குழந்தை மெலிய மெலியக் குளிரில் நடுங்கியிருக்கிறாள். அப்பன் வாரம் ஒரு துணி கூட்டியிருக்கிறார். கை கணக்காகப் பன்னிரண்டே சொல்லியிருக்கிறது.

முள் ஒன்பதரையில் நின்றது. கைதட்டல் நின்றது.

"தாய்ப்பால் பத்தலீங்க. பசும்பாலக் காச்சிச் சங்குல சேத்துக் குடுங்க. அம்மாளும் வயிறாரச் சாப்படட்டும். வாராவாரம் வாங்க, தேத்திப்போடலாம்."

"ஒம்பதரை" என்று தம் கணக்கைத் திருத்திக்கொண்டார் திருமலைசாமி. மண்டி சரித்திரத்தில் அதுவே முதல் தடவை.

கார்த்திகையில் ஒரு செவ்வாய். சீமைத் தராசு இன்னும் கடலில்தான். வரிசையில் முதல் ஆளாக நின்ற திருமலைசாமி, மகளின் அரைஞாண்வரை தாமே கழற்றிவிட்டுத் தட்டில் வைத்தார். சாந்தாமணி இரும்புச் சங்கிலியைப் பிடித்து இழுத்துக் கெக்கலித்தாள்.

"உங்க கை என்னங்க சொல்லுது?" என்றார் நர்ஸ்.

"கைக்கென்னங்க தெரியும்? முள்ளு சொல்லட்டும்."

முள் ஆடி ஆடிப் பதினொன்றைத் தாண்டி நிற்கும்வரை, அதன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.