எந்தக் கன்னம்

பத்தாம் வகுப்பு வரை மாட்டுங்காவில் தமிழ் வழியில் படித்தேன். எங்கள் வகுப்புக்கென்று ஒரு கையெழுத்துப் பத்திரிகை இருந்தது. ஒரே ஒரு பிரதிதான். வீடு வீடாகப் போய் எண்ணெய்க் கறையோடு திரும்பி வரும். அதில் மாதம் தவறாமல் எழுதிய நான், பிறகு முப்பது வருடங்களுக்கு மேல் மளிகைச் சீட்டைத் தவிரத் தமிழில் எதுவும் எழுதவில்லை.

மறுபடி எழுத வைத்தது ஒரு மழை.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு நாள் ரயில்கள் நின்றுவிட்டன. கல்லூரிக்குப் போன மகளின் போன் மதியத்திலிருந்து அணைந்து கிடந்தது. செம்பூர் வீட்டில் ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்தபடி ஆறு மணி நேரம் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். அவள் குர்லாவிலிருந்து இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து, செருப்பில்லாமல் வந்து நின்றாள். "அம்மா, செம அட்வென்ச்சர்!" என்று சிரித்தாள்.

கன்னத்தில் அறைந்தேன்.

அதுவரை அவள்மேல் கை வைத்ததே இல்லை. அவள் குளிக்கப் போனாள். மறுநாள் சட்னியில் உப்பு அதிகம் என்பதைப் பற்றிப் பேசினோம். அறைந்ததைப் பற்றிப் பேசவில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுப்பேன். வேறு ஏதாவது வெளியே வரும். வானம் கறுத்தால் இன்றும் உடனே அவளுக்குப் போன் போடுகிறேன்.

எங்காவது இறக்கி வைக்காமல் முடியாது என்றானபோது, இணையத்தில் எழுதுவதற்கு ஒரு பிளாக் வேண்டும் என்று மகளிடமே கேட்டேன். பத்து நிமிடத்தில் திறந்து கொடுத்தாள்.

"என்ன எழுதப் போறே? சாம்பார் ரெசிபியா?"

"ஆமா."

பயமே இல்லை. அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. சொல்லிக் கொடுக்காதது என் தப்பு. வருடக்கணக்காக வருத்தப்பட்ட அதையே இப்போது பூட்டாக வைத்துக்கொண்டேன்.

வேலைக்குப் போகும் காலை ரயிலில், குர்லாவில் கூட்டம் இறங்கி உட்கார இடம் கிடைத்ததும் போனில் எழுதுவேன். முதல் வரி வர மூன்று நாள் ஆனது. நான்காம் நாள், பள்ளிக்குப் பிறகு நான் தொடவே தொடாத சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. மருண்டேன் என்று எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருடம் எனக்குள் எங்கே இருந்தது அது? ஆபீஸ் இருக்கும் மஸ்ஜித் ஸ்டேஷனில் இறங்க மறந்து கடைசி ஸ்டேஷன் வரை போய்விட்டேன்.

"இவ்வளவு நீளமா யாரைத் திட்டி எழுதறீங்க, தீதி?" என்று ஒரு நாள் பக்கத்து சீட்டுப் பெண் இந்தியில் கேட்டாள்.

"என்னைத்தான்" என்றேன்.

அறைந்ததையும் எழுதினேன்.

அடுத்த ஞாயிறு காலை. குக்கர் விசில் அடங்கியதும் உள்ளறையிலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. முற்றுப்புள்ளியில்கூட மூச்சு விடாமல் அது சொல்லிக்கொண்டு போன வாக்கியங்கள் என்னுடையவை. மகள் கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தாள். அவள் போன்தான் படித்துக்கொண்டிருந்தது.

அறை வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"போனே படிச்சுக் காட்டும்மா, தெரியாதா உனக்கு?" என்றாள். "முதல் நாள்லேருந்து கேக்கறேன். சாம்பார் எப்போ வரும்னு பாத்துட்டே இருக்கேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். ஆனா இந்த மெஷின் பொம்பளை சரியான போர். நீயே படி."

போனை நீட்டினாள். அந்தப் பதிவுதான் திறந்திருந்தது. படித்தேன். 'அவளுடைய இடது கன்னத்தில்' என்ற இடத்தில் அவள் நிறுத்தினாள்.

"இடது இல்லம்மா, வலது."

"எனக்கு வலது கைதானேடி பழக்கம்?"

"நீ அடிச்சது இடது கையால. வலது கையில போன் இருந்துச்சு. காதுல வெச்சிருந்தே. நான் எதிர்ல நிக்கறேன், நீ அப்பவும் எனக்குக் கால் பண்ணிட்டிருந்தே."

எனக்கு அது நினைவிலேயே இல்லை. அவள்தான் அதை மறக்காமல் வைத்திருந்தாள். அவள் வலது கன்னத்தில் கை வைத்தேன். அப்போதுதான், இத்தனை மாதமாக வராத அந்தச் சொல் வந்தது. "மன்னிச்சுக்கோடி."

"அரே, முதல்ல அதைத் திருத்து" என்றாள், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு.

'இடது' என்பதை அழித்து 'வலது' என்று எழுதினேன். அவள் போனை வாங்கி மறுபடி பேசவிட்டாள். அந்தக் குரல் 'வலது' என்று சொல்லிவிட்டு, நிற்காமல் அடுத்த வரிக்குப் போயிற்று.