ஹொனோரியோ வீட்டு ஜன்னல்

எங்கள் தெருவில் கூடைப்பந்து ஆட்டம் என்றால் ஹொனோரியோ அண்ணன் வீட்டு ஜன்னல்தான். உள்ளே டிவி முன்னால் அவரும் அவர் சம்சாரம் பெர்பெத்துவா அக்காவும், வெளியே நாங்கள் பதினைந்து பேர். இருபது வருஷமாக இதே ஏற்பாடு. என் கன்னத்தில் ஜன்னல் கம்பியின் தடம் பதிந்துவிட்டது என்று என் பெண்டாட்டி சொல்வாள். பொய்யில்லை.

அண்ணனுக்கு மலபோன் மீன் சந்தையில் ஐஸ் உடைக்கிற வேலை. முப்பது வருஷம் அந்த மெஷின் பக்கத்திலேயே நின்றதால் மெதுவாகப் பேச வராது. பாதிரியாரிடம் பாவமன்னிப்புக் கேட்டாரென்றால் வெளியே வரிசையில் நிற்பவர்களுக்கெல்லாம் கேட்கும். அவர் பாவங்கள் எங்களுக்கு மனப்பாடம். சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றுமில்லை, எங்களுக்குத்தான் ஏமாற்றம்.

இந்த வருஷம் மழை விட்டதும் எதிர்வீட்டுத் திபுர்சியோ கதவளவுக்கு ஒரு டிவி வாங்கினான். ஜன்னலில் நாங்கள் ஒன்பதானோம், அப்புறம் நாலானோம். நான் ஆட்டத்துக்கு முதல் பாதி இங்கே, மறு பாதி அங்கே. அண்ணன் ஆட்டத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஜன்னலில் தலைகளை எண்ணத் தொடங்கினார்.

அந்த நேரம் பார்த்து அக்காவின் தம்பி ரொடாந்தே சவூதியிலிருந்து ஒரு புரொஜெக்டரோடு லீவில் வந்தான்.

"மாமா, உங்க டிவிய எனக்குக் குடுத்துட்டு இத வச்சுக்குங்க. சுவர் முழுக்கப் படம் தெரியும். இன்னிக்கு ஆட்டத்த இதுல போட்டுப் பாருங்க, நாளைக்குச் சொன்னாப் போதும்."

"சுவர் முழுக்கவா? திபுர்சியோ செத்தான்டா!"

அந்தச் சத்தம் திபுர்சியோவுக்கும் கேட்டிருக்கும்.

டிவியை ஓரமாகத் தள்ளியாயிற்று. ஆனால் சுவர் காலியாக இருக்க வேண்டுமே. அங்கே மகள் பட்டம் வாங்கிய படம், மகன் பட்டம் வாங்கிய படம், அலங்காரத்துக்கு மாட்டிய ஆள் உயர மரக்கரண்டியும் முள்கரண்டியும், நடுவில் இயேசுநாதர் பன்னிரண்டு சீடரோடு சாப்பிடுகிற கடைசி இராவுணவுப் படம்.

"புள்ளைங்கள எறக்கு, கரண்டிய எறக்கு," என்றாள் அக்கா. "ஆண்டவர் மேல கைய வச்சே, உனக்கு இந்த வீட்ல சோறு கெடையாது."

ஆண்டவர் அங்கேயே இருந்தார். சாயங்காலம் புரொஜெக்டரைப் போட்டதும் பந்து நேராகச் சீடர் பேதுருவின் தலையில் போய் விழுந்தது.

"களத்துல இருபத்து மூணு பேரு நிக்கிறாங்க!" என்று நான் ஜன்னலிலிருந்து கத்தினேன். "இதுல நம்ம ஆளு யாரு, அப்போஸ்தலர் யாருண்ணே?"

"வாய மூடு. வெளிச்சந்தான்டா கெடுக்குது."

ஜன்னலைச் சாத்தினார். உள்ளே, "அடேயப்பா!" என்று ரொடாந்தே குரல். நாங்கள் நாலு பேரும் சாத்திய பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"அண்ணே, நாங்க எதப் பாக்குறது?"

பிறகு ஜன்னல் திறந்தது. சுவரில் படம் கழுநீர் மாதிரி வெளுத்திருந்தது. சாத்தினால் படம் உண்டு, ஆளில்லை. திறந்தால் ஆள் உண்டு, படமில்லை.

இருட்டத் தொடங்கியதும் அண்ணன் புரொஜெக்டரைத் தெருப் பக்கம் திருப்பினார். எதிரே திபுர்சியோ வீட்டு வெள்ளைச் சுவர். அதில் ஒவ்வொரு ஆட்டக்காரனும் தென்னை மர உயரம்! தெருவே கூடிவிட்டது. திபுர்சியோவின் டிவி முன்னால் இருந்தவர்களும் வெளியே ஓடி வந்தார்கள்.

அண்ணன் எண்ணினார். நாற்பத்தைந்து. எல்லாமே பின்னந்தலை.

திபுர்சியோ வாசலில் நாற்காலி போட்டு மேயர் மாதிரி கையசைத்தான். அவன் பெண்டாட்டி வாழைப்பழத்தைச் சர்க்கரையில் பொரித்துக் குச்சியில் குத்தி விற்கத் தொடங்கினாள். அந்த வழியாகப் போன ஒருத்தி, "திபுர்சியோ வீட்ல என்ன விசேஷம்?" என்று கேட்டது அண்ணன் காதில் விழுந்தது.

கடைசிக் கட்டம். நம் அணி ஒரு புள்ளி பின்னால். நடுவர் அநியாயமாக ஊதினான். தெரு அமைதியாக இருந்தது. எனக்கு என்னமோ குறைகிற மாதிரிப் பட்டது. ஜன்னலுக்கு ஓடினேன்.

"அண்ணே, நடுவரத் திட்டுங்க! நீங்க திட்டாம ஆட்டமே உப்பில்லாம இருக்கு!"

"திபுர்சியோ வீட்டு ஆட்டத்துக்கு நான் எதுக்குடா திட்டணும்?"

சொல்லிவிட்டுப் புரொஜெக்டர் வயரைப் பிடுங்கினார்.

பத்து விநாடி பாக்கி. தெருவே அலறியது. "யோவ் ஹொனோரியோ! நீ மனுசனா!"

அடுத்த நொடி ஜன்னலுக்குள் பழைய டிவி பளிச்சென்று எரிந்தது. அத்தனை பேரும் என் மேல் வந்து விழுந்தார்கள். என் கன்னம் கம்பியில் அதன் பழைய இடத்தில் போய் உட்கார்ந்தது. பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு முகம். பார்த்தால் திபுர்சியோ.

அண்ணன் டிவிக்கு முதுகைக் காட்டி நின்று எண்ணிக்கொண்டிருந்தார். "நாப்பத்தி நாலு... நாப்பத்தஞ்சு... நாப்பத்தாறு!"

அந்த நொடி எங்கள் கூச்சலில் தெரு அதிர்ந்தது.

"என்னடா ஆச்சு? யாரு ஜெயிச்சா?"

"நம்மதாண்ணே!"

"ஆட்டத்தப் பாக்காம என்னத்த எண்ணிட்டிருந்தீங்க மாமா?" என்றான் ரொடாந்தே.

"உன் புரொஜெக்டர நீயே கொண்டு போ," என்றார் அண்ணன். பேதுரு தலைக்குப் பக்கத்தில் மரக்கரண்டியை மறுபடி மாட்டிக்கொண்டே, அந்த நடுவரைத் திட்ட ஆரம்பித்தார்.